உட்கார இடம் கிடைத்தபோது: போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் பொது வாழ்க்கை

1950களின் அமெரிக்கா என்றதும் நம் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் ஒரு வீடுதான். முன்னால் ஒட்ட வெட்டிய புல்வெளி, ஓரத்தில் நீளமான கார், சமையலறையில் ஆள் உயர ஃப்ரிட்ஜ், கூடத்தில் டிவி. விளம்பரங்கள் அந்த வீட்டைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. 1959ல் மாஸ்கோ கண்காட்சியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் மல்லுக்கட்டியதுகூட ஒரு மாதிரிச் சமையலறையின் முன்னால் நின்றுகொண்டுதான். ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு ஜனங்கள் எங்கே போனார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாரை உள்ளே விடவில்லை என்று கேட்டால் வேறொரு கதை கிடைக்கிறது.

1945 முதல் 1970 வரையான காலத்தில் அங்கே இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. பொது இடங்களில் உட்காரும் உரிமையைக் கறுப்பின மக்கள் ஒவ்வொரு நாற்காலியாகப் போராடி வாங்கினார்கள். அதே ஆண்டுகளில் அந்தப் பொது இடங்களே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. தெருவிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு, நகராட்சியின் கையிலிருந்து தனியார் கைக்கு. முதல் கதையை மனித உரிமை வரலாறு என்றும், இரண்டாவதை நகர்ப்புற வளர்ச்சி என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதுவும் விளங்குகிறது என்பது என் எண்ணம்.

கடைத்தெரு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஒரு நடுத்தர அமெரிக்க ஊரின் உயிர் அதன் கடைத்தெருவில் இருந்தது. போர்க்காலத்தில் பெட்ரோலும் டயரும் ரேஷனில் இருந்ததால் எல்லோரும் பஸ், டிராம் ஏறிப் பழகியிருந்தார்கள். 1946ல் பொதுப் போக்குவரத்தில் போனவர்களின் எண்ணிக்கை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. சினிமாக் கொட்டகைகளுக்கும் அதுதான் பொற்காலம். வாரத்துக்கு 8 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. சனிக்கிழமை என்றால் பெரிய துணிக்கடை, அப்புறம் எல்லாச் சில்லறைச் சாமானும் கிடைக்கும் உல்வொர்த் மாதிரியான மலிவு விலைக் கடை, ஒரு படம், நடுவில் எங்கேயாவது ஒரு சாண்ட்விச்.

அந்தச் சாண்ட்விச் கிடைத்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லஞ்ச் கவுன்ட்டர் என்பது தனி ஹோட்டல் இல்லை. கடைக்குள்ளேயே ஒரு பக்கமாக நீளமாக ஓடும் மேடை, அதன் முன்னால் தரையோடு பொருத்திய சுழலும் ஸ்டூல்கள். மேடைக்கு அந்தப் பக்கம் காபிப் பானை, பழ அப்பம் வைத்த கண்ணாடிப் பெட்டி, சோடா இயந்திரம். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருப்பார். முழங்கை முழங்கையில் இடிக்கும். கடைக்காரருக்கு இதில் சாப்பாட்டு லாபத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. பசியெடுத்த வாடிக்கையாளர் வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்து தின்றுவிட்டு மறுபடி சாமான் வாங்குவார்.

தெற்கு மாநிலங்களில் இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம். கறுப்பின மக்கள் அதே கடையில் நோட்டுப் புத்தகம் வாங்கலாம், பற்பசை வாங்கலாம், காசைக் கொடுத்து ரசீது வாங்கலாம். ஸ்டூலில் மட்டும் உட்காரக் கூடாது. சமையல் செய்வதும் தட்டு கழுவுவதும் பல இடங்களில் கறுப்பினப் பெண்கள்தான். அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம், அவர்களோடு சாப்பிடக் கூடாது. இந்த மாதிரிக் கணக்கை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வட கரோலினாவின் ஷார்லட் நகரில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ஹாரி கோல்டன் 1956ல் இதைக் கிண்டலடித்து ஒரு யோசனை சொன்னார். வங்கி வரிசையிலும் மளிகைக் கடை வரிசையிலும் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக நிற்கிறார்கள், ஒரு தகராறும் இல்லை. உட்காரும்போதுதான் சண்டை. ஆகவே பள்ளிகளிலிருந்து நாற்காலிகளை எடுத்துவிட்டு நின்றபடி படிக்கும் மேசைகளைப் போட்டுவிட்டால் இனப் பிரச்சினை தீர்ந்தது என்றார். இது நக்கல். நாலு வருஷம் கழித்து வர்ஜீனியாவின் டான்வில் நகரம் இதை நிஜமாகவே செய்தது. பொது நூலகத்தில் எல்லோரையும் அனுமதிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டதும் நகராட்சி முதலில் நூலகத்தை மூடியது. பிறகு 1960 செப்டம்பரில் மேசை நாற்காலிகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டுத் திறந்தது. எந்த நிறத்தவரானாலும் நின்றுகொண்டுதான் புத்தகம் பார்க்கலாம்.

ஊருக்கு வெளியே

இதற்கிடையில் வெள்ளைக் குடும்பங்கள் கடைத்தெருவை விட்டு நகர ஆரம்பித்திருந்தன. வீட்டுப் பற்றாக்குறை அதற்கு முதல் காரணம். போரிலிருந்து திரும்பியவர்கள் கல்யாணம் செய்துகொண்டு பெற்றோர் வீட்டு அறையிலும், ராணுவம் கழித்துக் கட்டிய தகரக் கொட்டகையிலும் குடித்தனம் நடத்தினார்கள். 1944ல் வந்த ராணுவ வீரர் நலச் சட்டம் அவர்கள் வாங்கும் வீட்டுக் கடனுக்கு அரசே உத்தரவாதம் தந்தது. முன்பணம் இல்லாமல், நீண்ட தவணையில் வீடு. வாடகையைவிடத் தவணை குறைவு என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாகக் கிடந்த நிலத்தில் 1947 முதல் 1951 வரை லெவிட் நிறுவனம் 17,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டியது. ஊருக்கு லெவிட்டவுன் என்று பெயர். கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு குழு தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே வரும் குழு சட்டம் நிறுத்தும், அதற்கடுத்தது பெயின்ட் அடிக்கும். 1949ல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். 1950ல் வந்த மாடலில் மாடிப்படியை ஒட்டிய சுவரிலேயே டிவி பொருத்திக் கொடுத்தார்கள். புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது, சனி ஞாயிறில் துணி காயப்போடக் கூடாது என்று விதிகளும் உண்டு.

லெவிட்டவுனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லா வீடும் ஒரே அச்சு என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் புகார் அவ்வளவாக ஒட்டவில்லை. தகரக் கொட்டகையிலிருந்து வந்தவருக்கு அச்சு ஒரு பொருட்டா? தவிர, அந்த வீடுகளை வாங்கியவர்கள் பத்து வருஷத்துக்குள் மேலே அறை எடுத்து, பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டார்கள். உண்மையான ஒரே அச்சு வீட்டில் இல்லை, குடியிருந்தவர்களிடம் இருந்தது. தொடக்ககால ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி. இப்படிப்பட்ட விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948ல் சொன்னது. விதி தாளிலிருந்து போனது, வழக்கம் போகவில்லை. கட்டுபவர் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. கடனுக்கு உத்தரவாதம் தரும் அரசு அமைப்பும், கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதிகளை ஆபத்தானவை என்று தரம் பிரித்து ஒதுக்கியது. 1947ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த ஒரு கணக்கில், முன்னாள் வீரர்களுக்கான அரசு உத்தரவாதக் கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. அவர்களும் அதே போரில் போரிட்டவர்கள்தான்.

பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் ஒரு கறுப்பினக் குடும்பம், முந்தைய உரிமையாளரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனது. கணவர் முன்னாள் ராணுவ வீரர். நூற்றுக்கணக்கானோர் வீட்டின் முன் கூடினார்கள், ஜன்னலில் கல் விழுந்தது, மாநிலப் போலீஸ் வர வேண்டியிருந்தது. அப்புறம் வாரக்கணக்கில், அருகிலிருந்த ஒரு காலி வீட்டைத் தங்கள் கூடாரமாக்கிக்கொண்டு, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குக் கூட்டமைப்பின் கொடியை ஏற்றி, சத்தமாகப் பாட்டுப் போட்டுத் தொல்லை கொடுத்தார்கள். கடைசியில் மாநில அரசு நீதிமன்றத் தடையாணை வாங்கித்தான் அது அடங்கியது. அந்தக் குடும்பம் வெளியேறவில்லை. பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் உட்படச் சிலர் அவர்களுக்குத் துணை நின்றதையும் சொல்ல வேண்டும்.

புறநகரில் பொது வாழ்க்கையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெற்றோர்–ஆசிரியர் சங்கம், சாரணர் படை, தேவாலயக் குழு, பந்து விளையாட்டு லீக் என்று சாயங்காலம் நிரம்பித்தான் இருந்தது. கடைகூட வீட்டுக்கு வந்தது. டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்கள் கடைகளில் சரியாக விற்கவில்லை. ஒருத்தி தன் வீட்டில் பத்து தோழிகளைக் கூப்பிட்டு மூடியை எப்படி அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது என்று காட்டினால் விற்றது. அந்த விருந்து முறையை வளர்த்தவர் பிரவுனி வைஸ். 1950களின் தொடக்கத்தில் நிறுவனம் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு முழுக்க விருந்துக்கு மாறியது. பெண்கள் பணம் சம்பாதித்தார்கள், சிரித்துப் பேசினார்கள். ஆனால் அழைப்பு வந்தவர்கள்தான் வர முடியும். கடைத்தெருவில் யாரும் யாரையும் அழைப்பதில்லை.

மற்ற மாற்றங்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். பதிவான கார்களின் எண்ணிக்கை 1945க்கும் 1955க்கும் இடையில் ஏறத்தாழ இரட்டிப்பானது. 1956ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குத் திட்டமிட்டது, செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. டிராம் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். டிவி முதலில் பொது இடத்துப் பொருளாகத்தான் வந்தது. 1947 பேஸ்பால் இறுதித் தொடரை டிவியில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மதுக்கடைகளில் கூட்டமாக நின்று பார்த்தவர்கள். 1950ல் பத்தில் ஒரு வீட்டில்கூட டிவி இல்லை. 1960ல் பத்தில் ஒன்பது வீடுகளை நெருங்கிவிட்டது. கூட்டம் கலைந்து அவரவர் சோபாவுக்குப் போனது. சினிமாவும் காருக்குள் ஏறியது: 1950களின் இறுதியில் காரிலிருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் 4,000 வரை இருந்தன, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இரவு உடை மாட்டிக் கூட்டிவருவார்கள். பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் விளையாட்டு ஒன்றுதான் எதிர்த்திசையில் போனது. விழுந்த கட்டைகளை நிமிர்த்தி வைக்க அதுவரை சிறு பையன்களை வைத்திருந்தார்கள். 1952 வாக்கில் அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும், புகை மண்டிய அடித்தளத்துக் கூடங்கள் போய், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையோடு பளபளப்பான புறநகர் அரங்குகள் வந்தன. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை பௌலிங் சங்கம் 1950ல் நீக்கியிருந்தது.

நீச்சல் குளம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நீச்சல் குளம். 1920களிலும் 30களிலும் அமெரிக்க நகராட்சிகள் பிரமாண்டமான பொதுக் குளங்களைக் கட்டின. கரையில் மணல், சுற்றிப் புல்வெளி, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கலாம். ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிக்க அனுமதித்த பிறகுதான் பல வட நகரங்களில் நிறப் பிரிவினை கறாரானது. கறுப்பின ஆணும் வெள்ளைப் பெண்ணும் அரைகுறை உடையில் ஒரே தண்ணீரிலா என்ற பயம்தான் அடியில் இருந்தது. தண்ணீர் தீட்டாகிவிடும் என்ற நினைப்பும் கூடவே.

செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளம் நாட்டின் மிகப் பெரிய குளங்களில் ஒன்று. 1949 ஜூன் 21 அன்று நகராட்சி அதிகாரி ஒருவர் இனி எல்லோரும் வரலாம் என்று அறிவித்தார். சில டஜன் கறுப்பினச் சிறுவர்கள் வந்து குளித்தார்கள். வேலிக்கு வெளியே கூடிய வெள்ளைக் கூட்டம், அவர்கள் வெளியே வந்ததும் அடிக்க ஆரம்பித்தது. மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள், பூங்கா முழுக்கக் கலவரம். மேயர் பழையபடியே இருக்கட்டும் என்றார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டு எல்லோருக்கும் திறக்க வைத்தது. அதற்குப் பிறகு நடந்ததை எண்களே சொல்லும். பிரிவினை இருந்த 1948 கோடையில் குளத்துக்கு வந்தவர்கள் 3,13,000. எல்லோருக்கும் திறந்துவிட்ட 1950 கோடையில் 10,000. வெள்ளையர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். 1956ல் நகராட்சி அந்தக் குளத்தை மூடியது.

தெற்கில் இன்னும் முரட்டுத்தனம். அலபாமாவின் மாண்ட்கமரி நகரம், பூங்காக்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி வழக்கு வந்ததும் 1959 ஜனவரி 1 முதல் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. உயிரியல் பூங்காவின் விலங்குகளை விற்றார்கள். குளத்தில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். 1965ல் பூங்காக்கள் திறந்தன, குளம் திரும்ப வரவில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் குளம் போனது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமும் தன் குளங்களை மூடியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லோருக்கும் மூடியதால் அதில் பாகுபாடு இல்லை என்று 1971ல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சட்ட வாசகத்தின்படி ஒருவேளை சரியாக இருக்கலாம். அதைப் படிக்கும்போது டான்வில் நூலகத்தின் நாற்காலிகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

வெள்ளையர் நீந்துவதை விட்டுவிடவில்லை. குடும்பங்கள் சேர்ந்து சந்தா போட்டுப் புறநகரில் தனியார் நீச்சல் சங்கங்களை ஆரம்பித்தன. வசதியானவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே குளம் வெட்டிக்கொண்டார்கள். 1950ல் சில ஆயிரம் வீடுகளில் மட்டுமே இருந்த கொல்லைக் குளம், நூற்றாண்டின் இறுதிக்குள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. மேரிலாந்தில் அப்படி ஒரு சங்கம், குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு உள்ளவர்களுக்கு உறுப்பினராக முன்னுரிமை என்று விதி வைத்துவிட்டு, அந்தத் தூரத்துக்குள் வீடு வாங்கிய கறுப்பினத் தம்பதியை மறுத்தது. இது தனிப்பட்ட சங்கம் இல்லை, வீட்டோடு சேர்ந்து வரும் உரிமை என்று 1973ல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஸ்டூல்

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகர உல்வொர்த் கடைக்குள் நான்கு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள்: எசெல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட். பற்பசை மாதிரிச் சில சாமான்களை வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு 66 இருக்கைகள் கொண்ட லஞ்ச் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். இங்கே உங்களுக்குப் பரிமாறுவதில்லை என்றதும் ரசீதைக் காட்டினார்கள்: இதோ, அந்தக் கவுன்ட்டரில் பரிமாறினீர்களே. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், வார இறுதிக்குள் நூற்றுக்கணக்கில். இரண்டே மாதத்தில் 50க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது.

இது முதல் முயற்சி அல்ல. 1958லேயே கன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் மாணவர்கள் ஒரு மருந்துக்கடைக் கவுன்ட்டரில் இதே மாதிரி உட்கார்ந்து ஜெயித்திருந்தார்கள். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் முன்கூட்டியே பயிற்சிகூட நடந்தது. நடத்தியவர் ஜேம்ஸ் லாசன். நாக்பூரில் மூன்றாண்டு தங்கி காந்தியின் வழிமுறைகளைக் கற்றவர். மாணவர்கள் தங்களுக்குள்ளேயே திட்டுவதுபோலவும் தள்ளுவதுபோலவும் நடித்துப் பழகினார்கள். நிமிர்ந்து உட்கார், கவுன்ட்டரைப் பார்த்தபடி இரு, அடித்தால் திருப்பி அடிக்காதே என்று எழுதிய விதிகளோடு போனார்கள். மே மாதம் நாஷ்வில்லின் கவுன்ட்டர்கள் திறந்தன. கிரீன்ஸ்பரோவில் ஜூலை 25 அன்று திறந்தது. அங்கே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மாணவர்கள் இல்லை, அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். நிர்வாகம் சத்தமில்லாமல் முடிக்கப் பார்த்தது.

ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் சிரமம் வேறு வகை. காரில் போகும் கறுப்பினக் குடும்பத்துக்கு எந்த ஊரில் படுக்க இடம் கிடைக்கும், எந்த ஹோட்டலில் சோறு போடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் இதற்கென்றே 1936ல் ஒரு வழிகாட்டி போட ஆரம்பித்தார். 1960களின் நடுப்பகுதிவரை அது வந்துகொண்டிருந்தது. எஸ்ஸோ பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும். இந்தியத் தூதருக்கும் இந்த அனுபவம் உண்டு. 1955 ஆகஸ்டில் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் ஜி.எல். மேத்தாவைப் பொதுக் கூடத்திலிருந்து எழுப்பித் தனி அறைக்குப் போகச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பனிப்போர் காலத்தில் இந்தச் சங்கடங்கள் வாஷிங்டனுக்கு நிஜமான தலைவலி. இப்படிப்பட்ட செய்திகளை மாஸ்கோ விடாமல் பரப்பிக்கொண்டிருந்தது.

1964 ஜூலை 2ல் கையெழுத்தான குடிமை உரிமைகள் சட்டம் ஹோட்டல், உணவகம், சினிமாக் கொட்டகை எல்லாவற்றிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல், அதாவது கார்ப் பயணிகள் தங்கும் விடுதி, எதிர்த்து வழக்குப் போட்டது. என் இடம், என் இஷ்டம் என்பதுதான் வாதம். நெடுஞ்சாலையில் வரும் பிற மாநிலத்தவரை நம்பி நடக்கும் தொழில், மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே முடித்துவைத்தது. தனியார் சொத்து என்றாலும் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்தால் யாரையும் நிறம் பார்த்துத் துரத்த முடியாது. கவுன்ட்டர் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. கவுன்ட்டர் இருந்த தெருவில்தான் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது.

கூரை போட்ட தெரு

கூட்டம் போன இடத்தை வடிவமைத்தவர் விக்டர் க்ரூன். வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர், சோஷலிஸ்ட். 1938ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். காரும் சாலையுமாகச் சிதறிக் கிடந்த அமெரிக்கப் புறநகரைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. ஜனங்கள் நடந்து திரியவும், உட்கார்ந்து காபி குடிக்கவும், ஒருவரை ஒருவர் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். மினியாபொலிஸுக்குப் பக்கத்தில் எடைனா என்ற ஊரில் டேட்டன் குடும்பத்தின் முதலீட்டில் 1956 அக்டோபரில் சவுத்டேல் திறந்தது. முழுக்க மூடிய, குளிர்சாதன வசதியுள்ள முதல் மால் அதுதான் என்பார்கள். வெளியே மினசோட்டாவின் பனி கொட்டினாலும் உள்ளே எப்போதும் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். நடு முற்றத்தில் நிஜ மரங்கள், 21 அடி உயரப் பறவைக் கூண்டு, காபிக் கடை. நகரின் இசைக்குழு தன் ஆண்டு நடன விருந்தை அந்த முற்றத்தில் நடத்தியது. வெளியே 5,000 கார்களுக்கு இடம்.

க்ரூன் வரைந்த திட்டத்தில் மால் ஒரு பகுதிதான். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி, பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன. கட்டியது மாலும் கார் நிறுத்துமிடமும். சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறியது. அதைத் துண்டு துண்டாக விற்பதில் லாபம் அதிகம். இன்னொரு காரணம் வரிச் சட்டம். 1954ல் வந்த மாற்றத்தின்படி, புதிய வணிகக் கட்டடங்களுக்குத் தேய்மானத்தை ஆரம்ப ஆண்டுகளிலேயே பெரிய அளவில் கழித்துக்கொள்ளலாம். பழைய கடைத்தெருக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் புறநகரில் புதிதாக ஒன்றை எழுப்பி, சில வருஷம் வரியை மிச்சம் பிடித்து, விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டுவது லாபம். மால்கள் மக்கள் விருப்பத்தால் முளைத்தன என்று சொல்லும்போது இந்தக் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னாளில் வியன்னாவுக்கே திரும்பிப்போன க்ரூன், மால்களைக் குறித்து, அந்த முறைகெட்ட பிள்ளைகளுக்கு நான் ஜீவனாம்சம் தர மாட்டேன் என்ற தொனியில் 1978ல் லண்டனில் பேசினார். ஆனால் அதற்குள் ஊருக்கு ஊர் மால் வந்துவிட்டது.

நிறத்தைப் பொறுத்தவரை மாலின் கதவு 1964க்குப் பிறகு எல்லோருக்கும் திறந்ததுதான். பஸ் போகாத இடத்தில் அதைக் கட்டினால் கார் இல்லாதவர் தானாகவே வடிகட்டப்பட்டார், அது வேறு விஷயம். உள்ளே வந்தவர் என்ன செய்யலாம் என்பதில்தான் புதுச் சிக்கல். கடைத்தெருவின் நடைபாதை நகராட்சியுடையது. அங்கே துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம், கையெழுத்து வாங்கலாம், கடை வாசலில் பதாகை பிடிக்கலாம். கிரீன்ஸ்பரோ மாணவர்களுக்கு ஆதரவாக வடக்கு நகரங்களில் உல்வொர்த் கடைகளின் முன்னால் ஊர்வலம் வந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள். மாலின் நடைபாதை தனியாருடையது.

சட்டம் இதில் முன்னும் பின்னுமாகத் தடுமாறியது. 1946ல் அலபாமாவின் சிக்கசா என்ற ஊரைப் பற்றி ஒரு வழக்கு. தெரு, கடை, சாக்கடை எல்லாமே ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமான ஊர் அது. அங்கே மதப் பிரசுரம் கொடுத்த பெண்ணைக் கைது செய்தார்கள். ஊர் மாதிரி நடக்கிற இடம் ஊர்தான், பேச்சுரிமை அங்கேயும் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 1968ல் பென்சில்வேனியாவின் அல்டூனாவில் ஒரு வணிக வளாகத்தில் தொழிற்சங்கம் நடத்திய மறியலுக்கும் அதே நியாயத்தை நீட்டியது. நாலே வருஷத்தில், 1972ல், ஓரிகன் மாநிலப் போர்ட்லண்டின் லாயிட் சென்டர் மாலில் வியட்நாம் போருக்கு எதிராகப் பிரசுரம் கொடுத்தவர்களின் வழக்கில் 5க்கு 4 என்று பின்வாங்கியது: மாலுக்குப் பொதுமக்களை அழைத்திருப்பது வாங்க, பேச அல்ல. 1976ல் 1968ன் தீர்ப்பையும் சேர்த்துக் கைகழுவியது.

1980ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வழக்கு. காம்ப்பெல் நகரின் ப்ரூன்யார்ட் மாலில் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்களைக் காவலாளி வெளியேற்றியிருந்தார். மாநிலங்கள் விரும்பினால் தங்கள் அரசமைப்புச் சட்டத்தின் கீழ் அதிக உரிமை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியா தந்தது. நியூஜெர்சி 1994ல் பெரிய மால்களில் பிரசுரம் கொடுக்க அனுமதித்தது, நேரம், இடம் போன்ற கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. பெரும்பாலான மாநிலங்களின் நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. 2003ல் இராக் போருக்குச் சற்று முன்பு, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி அருகே ஒரு மாலில், அந்த மாலின் கடையிலேயே அச்சடித்து வாங்கிய சமாதான வாசக டீ-ஷர்ட்டை அணிந்து நடந்தவரை அத்துமீறல் என்று கைது செய்தார்கள்; ஊரெல்லாம் சிரித்ததும் மால் நிர்வாகம் புகாரைத் திரும்பப் பெற்றது. இன்றும் ஒரு மாலில் நோட்டீஸ் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், காரை எந்த மாநிலத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.